புதர் என்று எழுதினான்

வரைபடம் பொய் சொல்லாது என்கிறார்கள். இருப்பதைச் சொல்லாமல் விட்டாலே போதுமே, பொய் எதுக்கு?

1802இல் பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்தான். அன்னையிலிருந்து அளந்துகிட்டேதான் இருக்காங்க. கருவி வழியாகப் பார்த்தவன் பேர் புத்தகத்தில் இருக்கிறது. சங்கிலி இழுத்தவன், புதர் வெட்டி வழி போட்டவன் பேர் எங்கே?

களக்காடு - முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகம் ஆனது. அந்த மலையடிவாரத்தின் 1:50,000 சர்வே தாளை விரியுங்கள். ஒரு சென்டிமீட்டர், தரையில் 500 மீட்டர். நூறு மீட்டர் நீளச் சேரித் தெரு வெறும் 2 மில்லிமீட்டர். சர்வேக்காரன் குறிகளில் கோயிலுக்கு இடமுண்டு. அளந்த ஒற்றை மரத்துக்கும் உண்டு. குடிசையில் மட்டும் நிலையானது, தற்காலிகமானது என்று ரெண்டு சாதி. ஆத்தா பிறந்து, பெத்து, செத்த குடிசை தற்காலிகமா? எவன் தீர்மானிக்கிறது? ஆடு மேய்த்த சரிவு 'புதர்' ஆனால், மேய்த்தவன் யார்?

'தாள்ல இல்லாட்டி என்னய்யா கொறஞ்சுபோச்சு?' என்று கேட்கும் நண்பர்கள் 2006 வன உரிமைச் சட்டத்தைப் படிக்கட்டும். பழங்குடி மக்கள் 2005 டிசம்பர் 13க்கு முன்பு அங்கே வாழ்ந்ததைக் காட்டினால் போதும். அது நியாயம். அதே காட்டை நம்பிய தலித் 'இதர பாரம்பரிய வனவாசி'. மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், நிரூபிக்கணும். 1930க்குப் போகணும். பட்டா இல்லாதவன் பாங்குக் கவுண்டரில் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறவன் நான். காகிதமே கொடுக்காத சமூகம் 75 வருஷக் காகிதம் கேட்கிறது!

ஆனால் சட்டத்திலேயே நமக்கு ஆயுதம் இருக்கிறது. பெரியவர்களின் வாய்மொழி, பழைய கிணறு, சுடுகாடு எல்லாம் சான்று. செயற்கைக்கோள் படம் துணைச் சான்றுதான், மற்றவற்றுக்கு மாற்றல்ல என்று 2012 திருத்த விதிகள் சொல்கின்றன. 'படத்துல பச்சையாத்தானே இருக்கு' என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ள எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது. வரைபடத்தோடு கோரிக்கையைத் தயாரிப்பது கிராமசபையின் வன உரிமைக் குழு வேலை. சரணாலயம், காப்பகம் எல்லாவற்றுக்கும் சட்டம் பொருந்தும்.

மாணவத் தோழர்களே, லீவுக்கு அடிவாரத்துக்குப் போங்கள். கிழவிகளை முன்னால் நடக்கவிடுங்கள். ஊற்று, சுடுகாடு, விறகுத்தடம், மாடன் பீடம் எல்லாம் குறியுங்கள். கிராமசபையில் வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அவன் தாளில் நம்மைத் தேடியது போதும். நம்ம தாளை அவன் படிக்கட்டும்.