தொட்டிலும் இரவுக் கடமையும்

திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்த எமது ஒழுங்கையில் தாதி ஒருவர் வசிக்கிறார். மகப்பேற்று விடுமுறை முடிந்து சென்ற திங்கட்கிழமை அவர் மீண்டும் கடமைக்குப் புறப்பட்டார். தலைப்பிள்ளைக்கு நாலரை மாதம். "போய் வா பிள்ளை, நான் இருக்கிறேன்தானே" என்று தேற்றிய மாமியார்தாம் பின்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலைக் கடமை ஏழு மணி முதல் ஒரு மணி வரை. அதனை எவ்வாறாயினும் சமாளிக்கலாம். மாலை ஏழு மணிக்குப் புகுந்து மறுநாட் காலை ஏழு மணிக்கு வெளிவரும் இரவுக் கடமையன்றோ சோதனை!

அரசாங்க ஊழியர்க்குரிய தாபனக் கோவை 84 வேலை நாள்களை முழுச் சம்பளத்துடன் வழங்குகிறது. அதன்மேல் 84 நாள் அரைச் சம்பளத்துடனும், இன்னும் 84 நாள் சம்பளமின்றியும் பெறலாம். (தகப்பனாருக்கு மூன்றே நாள்!) ஆயினும் கடன் கட்டும் குடும்பத்தார் அரைச் சம்பளத்தைக் கனவிலும் கருதார். ஆகவே, ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் கொடாதீர்கள் என்று வாட்டிலே பிற தாய்மாருக்குப் போதிப்பவர், தம் பிள்ளையை நாலரை மாதத்தில் விட்டுச் செல்கிறார். கிண்ணியாவிலிருந்து வருவோர்க்குப் பயண நேரமும் சேர்கிறது. 2009ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படுமுன் அவர்கள் பாதைக்கும் காத்து நின்றார்கள்.

பாலைப் பிழிந்து வைத்துச் செல்லலாமே என்றதற்கு, "கறந்து வைக்க அவள் என்ன பசுவா?" என்று மாமியார் சினந்தார். சினம் வேண்டியதில்லை. கொதிநீரிற் சுத்தஞ்செய்த மூடியுள்ள பாத்திரத்திற் பிழிந்த பால் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை கெடாது. வெளியில் வைத்தால் நான்கு மணி நேரமே; நமது ஊர் வெக்கைக்கு அதனையும் நம்புதல் நன்றன்று. அடுப்பிற் காய்ச்சாது, வெந்நீரில் பாத்திரத்தை வைத்து இளஞ்சூடாக்கிக் கரண்டியாற் புகட்டுக. கடமையிலுள்ள தாயும் மூன்று நான்கு மணிக்கொருமுறை பிழிந்தெடுத்தல் அவசியம். தவறினால் மார்பு கட்டிக் காய்ச்சல் காணும், பாலும் வற்றும்.

அதற்கு வேண்டுவது கால் மணி நேரமும் தாழ்ப்பாளுள்ள ஓர் அறையுமே. இரவில் ஒரு வாட்டைத் தனியே காக்கும் தாதிக்கு அவை எங்கே கிடைக்கும்? பிள்ளைகள் வளர்ந்துவிட்ட மூத்த தாதியர் சில மாதங்களுக்கு இரவுமுறையை மாற்றிக்கொள்ள மேற்பார்வையாளர் இடமளிப்பாராயின் பெரும் பாரம் குறையும்.

எமது அயலவரின் முதல் இரவுக் கடமை வரும் வியாழக்கிழமை. மாமியார் இப்பொழுதே கரண்டியும் கையுமாகப் பழகுகிறார். பாதிப் பால் பிள்ளையின் சட்டையிலேதான் போகிறது.