விட்டுப் போகிறவன் துரோகியா?



மார்ச் மாதம் வந்தால் அமெரிக்காவில் உதைபந்தாட்ட இரசிகர்களிடையே ஒரு வாதம் சூடு பிடிக்கும். அப்போது போட்டி எதுவும் நடக்காது. பெப்ரவரியோடு பருவம் முடிந்துவிடும், அடுத்த பருவம் செப்டெம்பரில்தான். ஆனாலும் இரசிகர்களுக்கு ஓய்வில்லை. ஒப்பந்தம் முடிந்த வீரர்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, வேறு அணியிலிருந்து யாரைக் கொண்டுவருவது என்று வேலைத்தளத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் பேச்சு நடக்கும். அவர்கள் உதைபந்தாட்டம் என்று சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். நமது றக்பிக்கு உறவு.

நம் தோட்டத்து வாலிபர்களும் எந்த வீரர் எந்தக் கழகத்துக்குப் போகிறார் என்று கைப்பேசியைப் பார்த்து வாதாடுகிறவர்கள்தான். எங்கும் இந்த வாதத்தில் இரண்டு பேச்சு தவறாமல் வரும். ஒன்று, “அவனுக்கு இவ்வளவு காசு எதற்கு?” மற்றது, “காசுக்காகப் போய்விட்டான், துரோகி.” அணி ஒரு வீரரை ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே நீக்கினால் அதற்குப் பெயர் வியாபாரம். வீரர் தானாகப் போனால் அதற்குப் பெயர் துரோகம். சம்பளம் வாங்கிப் பிழைக்கும் இரசிகன் முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பேசும் பேச்சு இது.

அந்த வீரர்களுக்கு விட்டுப் போகும் உரிமை எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம்.

1963 முதல் அமெரிக்கத் தேசிய லீக்கில் ஒரு விதி இருந்தது. லீக்கின் ஆணையாளர் பீட் ரொஸெல் பெயரால் அதை ரொஸெல் விதி என்பார்கள். ஒப்பந்தம் முழுவதும் முடிந்த வீரராக இருந்தாலும், அவரைச் சேர்க்கும் புதிய அணி பழைய அணிக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும். இரண்டு அணிகளும் உடன்படாவிட்டால் நட்டஈடு என்ன என்பதை ஆணையாளரே தீர்மானிப்பார். என்ன கேட்பார்களோ என்ற பயத்தில் அணிகள் பிற அணி வீரரைத் தொடவே தயங்கின. 1963 முதல் 1974 வரை 176 பேர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வெளியேற நின்றார்கள். வேறு அணியில் சேர முடிந்தது 34 பேரால் மட்டுமே.

வாசிக்கும்போதே நம் பெரியவர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வந்திருக்கும்: துண்டு. நம் பாட்டன் பூட்டன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இந்த ஆளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கத் தயார் என்று எழுதிய காகிதம் அது. புதிய தோட்டம் கடனைக் கட்டும்; கடன் ஆளோடு சேர்ந்தே புதிய பற்றுக்கு வரும். 1921ல்தான் சட்டம் அதை ஒழித்தது. கோடிகளில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரும் அரைப்பேர் வெட்டுக்குப் பயந்த நம் முன்னோரும் ஒன்றல்ல. ஆனால் பூட்டு ஒரே பூட்டு. ஆள் போவதற்குப் பழைய எசமானுக்கு விலை கொடுக்க வேண்டுமென்றால், ஆளுக்குப் பேரம் பேசும் பலம் இல்லை.

ரொஸெல் விதியை எதிர்த்து நீதிமன்றம் போனவர் ஜோன் மெக்கி. நட்சத்திர ஆட்டக்காரர், வீரர்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். 1976ல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விதி சட்டவிரோதம் என்று சொன்னது. ஆனால் 1977ல் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் அதே நட்டஈடு வேறு உருவத்தில் திரும்பி வந்தது. நீதிமன்றத்தில் வென்றதைப் பேச்சுமேசையில் விட்டுக்கொடுத்தார்கள். கூட்டு ஒப்பந்தம் என்ற சொல்லோடு வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பத்தாண்டு கழித்து, 1987 செப்டெம்பரில், அந்த உரிமையைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 24 நாள் நீடித்தது. முதலாளிமார் கருங்காலிகளைப் பிடித்து அதே சீருடையை மாட்டி மூன்று வாரம் போட்டி நடத்தினார்கள். தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. இரசிகர்களில் ஒரு பகுதியினர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். பெயர்பெற்ற வீரர்கள் சிலரே மறியலைத் தாண்டி உள்ளே போனார்கள். கேட்டது கிடைக்காமல் வேலைநிறுத்தம் முடிந்தது.

அதோடு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. சங்கம் பேரம் பேசும் அமைப்பாக இருக்கும்வரை போட்டித் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது என்று 1989ல் ஒரு தீர்ப்பு வந்தது. சங்கம் தன் பேரம் பேசும் தகுதியையே துறந்தது. பிரீமன் மக்நீல் என்ற வீரரும் வேறு சிலரும் வழக்காளிகளாக நின்றார்கள். 1992ல் ஜூரிகள் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டே உடன்பாடு வந்தது. சங்கமும் பழைய நிலைக்குத் திரும்பியது.

வீரர்களை விட்டால் பெரிய நகரத்துப் பணக்கார அணிகள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும், ஆட்டமே அழிந்துவிடும் என்று முதலாளிமார் சொல்லிவந்தார்கள். நடந்தது என்ன? 1993ல் அந்த உரிமையைப் பயன்படுத்திய மிகப் பெரிய வீரர் ரெஜி வைட். அவர் பிலடெல்பியாவை விட்டு, நான்கு ஆண்டுக்கு 1 கோடியே 70 இலட்சம் டொலருக்கு, கிரீன் பே என்ற சிற்றூர் அணியில் சேர்ந்தார். இரசிகர்களே பங்கு வைத்திருக்கும் அணி அது. 1997 ஜனவரியில் அது சம்பியன் ஆனது.

வெற்றிக்கு விலையும் இருந்தது. 1994 முதல் ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு. அன்று 3 கோடியே 46 இலட்சம் டொலர். 2025ல் 27 கோடியே 92 இலட்சம். இன்று இரசிகர்களின் வாதம் முழுவதும் இந்த வரம்புக்குள்தான் சுழல்கிறது. இவனுக்குக் கூட்டினால் அவனுக்கு இல்லை என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு தொழிலாளியின் உயர்வு அடுத்தவன் தட்டிலிருந்து எடுத்தது போலத் தெரிகிறது. அணி உரிமையாளரின் இலாபம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. நாம் 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்ட காலத்திலும், “தோட்டம் தாங்காது” என்ற துரைமாரின் கணக்கை நம் ஆட்களே நமக்கு ஒப்புவித்தது நினைவிருக்கலாம்.

இன்னொரு விலை, ஒப்பந்தம் முடிந்த ஒரு வீரரை அணி மேலும் ஓராண்டு பிடித்துவைக்கும் முத்திரை. பிட்ஸ்பர்க் அணியின் லெவியோன் பெல் அதை ஏற்க மறுத்து 2018 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1 கோடியே 45 இலட்சம் டொலரைக் கைவிட்டார். பந்தை ஏந்தி மோதி ஓடுகிறவர் அவர். முந்திய பருவத்தில் மட்டும் 406 முறை பந்தைச் சுமந்தவர். காயம் பட்டால் அடுத்த ஆண்டு யாரும் சீந்தமாட்டார்கள் என்பதால் நீண்ட கால உத்தரவாதம் கேட்டார். இரசிகர்கள் திட்டினார்கள். கூட ஆடியவர்களே பகிரங்கமாகக் குறை சொன்னார்கள். 2019ல் நியூயோர்க் ஜெட்ஸ் அணிக்குப் போனார்; பழைய ஆட்டத்தை அவர் மீண்டும் எட்டவில்லை. “பார்த்தாயா, பேராசை” என்று இன்றும் சொல்கிறார்கள். தன் உடம்பின் விலையைத் தானே பேசுவது பேராசையா?

இதை நம் இதழில் எழுதக் காரணம் இருக்கிறது. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி இதே பேச்சை நான் பிரட்டுக்களத்தில் கேட்கிறேன், சங்கக் கூட்டத்திலும் கேட்கிறேன். “தோட்டத்தைக் கைவிட்டுப் போகிறார்கள், நன்றி இல்லாதவர்கள்” என்கிறார்கள். ஆள் பற்றாக்குறை என்று நிர்வாகம் அழுதால் அது அவர்கள் கவலை. ஆள் போய்விடுவான் என்ற பயம் இருந்தால்தான் இருக்கிறவனுக்குச் சம்பளம் கூடும். போகிறவனை வைதால், இருக்கிறவனின் பலத்தையும் சேர்த்தே குறைக்கிறோம்.

துண்டு ஒழிந்து நூறாண்டுக்கு மேலாகிறது. லயத்துக் காம்பரா இன்னும் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலைக்குப் பேர் போடாவிட்டால் வீடு என்ன ஆகும் என்ற பயத்தில், பிள்ளை வெளியே போனாலும் தாய் மலையில் நிற்கிறாள். நமக்குச் சொந்தக் காணியும் சொந்த வீடும் வேண்டும் என்ற கோரிக்கை சம்பளக் கோரிக்கையிலிருந்து வேறானதல்ல. போக முடிந்தவனுக்குத்தான் பேரம் பேச முடியும்.

எனவே வாலிபர்களே, எந்த அணியை வேண்டுமானாலும் ஆதரியுங்கள், விடிய விடிய வாதாடுங்கள். ஆனால் ஒருவரைத் துரோகி என்று சொல்லும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அணி அவரை நாளைக்கே நீக்கினால், அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?