கல்வராயன் மலைக்குத் தனிக் கணக்கு எழுதுங்கள்

தமிழ்நாட்டில் நூறு பிரசவம் நடந்தால் அதில் 99.6 ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. 2018-20 காலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு நாட்டில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 2020-இல் நாட்டில் ஆயிரத்துக்கு 28, இங்கே 13. பெருமைப்பட வேண்டிய எண்கள்தான். ஆனால் கல்வராயன் மலையில் நிலைமை என்ன என்று கேட்டால் இந்த அறிக்கைகளில் விடை கிடைக்காது.

காரணம் எளியது. மலையின் ஒரு பகுதி இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 26-ஆம் தேதி. குடும்பநல ஆய்வோ பழைய 32 மாவட்டக் கணக்கை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. கள்ளக்குறிச்சி அதில் விழுப்புரத்துக்குள் கரைந்துவிட்டது. மலை, கள்ளக்குறிச்சிக்குள் கரைந்துவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2011-இல். அதன்படி மாநில மக்கள்தொகையில் பழங்குடியினர் 1.1 சதவீதம். மலையில் நிலைமை எவ்வளவு மோசமானாலும் மாநிலச் சராசரி ஒரு புள்ளிகூட அசையாது. சராசரி அசையாதவரை கோட்டைக்குக் கவலையும் வராது.

மலை ஒன்றும் சிறியதல்ல. சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு வெள்ளிமலை தலைமையிடம். சேலம் பக்கத்துக்குக் கருமந்துறை. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகளை 1976 வரை ஜாகிர்தார்கள்தான் ஆண்டார்கள். நாடு சுதந்திரம் அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் இந்த மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் பூமி. நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள், ஒன்றுக்கொன்று ஓடையும் காடும் பள்ளமும் இடையில் கிடக்க, சிதறிக் கிடக்கின்றன.

இந்தச் சிதறலில்தான் நர்சம்மாவின் பாடு தொடங்குகிறது. அரசு ஏட்டில் அவர் கிராம சுகாதார செவிலியர். ஊர் வாயில் எப்போதும் நர்சம்மாதான். பெண் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்தவுடன் பெயர் பதிவதிலிருந்து, எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவைத்து, பிரசவம் ஆனபின் வீட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்து, புதன்கிழமை ஊசி போட்டு, கருத்தடைக்கு யோசனை சொல்லி, காசநோய்ச் சந்தேகம் இருந்தால் சளி எடுத்து அனுப்பி, ஊரில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் குடிநீரைச் சோதிக்கச் சொல்லி... வாக்கியம் முடியாது, வேலையும் முடியாது. தாய் சேய் நலத்தில் தமிழ்நாடு இன்று மார்தட்டிக்கொள்ளும் அத்தனையும் சுமார் 8,700 துணை சுகாதார நிலையங்களில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்களின் நடையில்தான் நிற்கிறது. பெயர் வாங்கியதோ பெரிய ஆஸ்பத்திரிகள்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. காகிதத்தில் இது சலுகை போலத் தெரியும். சமவெளியான திருக்கோவிலூர்ப் பக்கம் 5,000 பேரை ஒரே மூச்சில் சுற்றிவரலாம். இருசக்கர வண்டி இருந்தால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். கல்வராயனில் 3,000 பேர் என்றால் அது பல குக்கிராமங்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவில் வண்டி போகாத ஒற்றையடிப் பாதை. ஐப்பசி, கார்த்திகையில் ஓடை நிறைந்துவிட்டால் அந்தப் பாதையும் இல்லை. தலையை எண்ணிச் செவிலியரைப் போடுகிறவர்கள் தூரத்தை எண்ண மறந்துவிட்டார்கள்.

மறந்தார்கள் என்பதுகூடச் சரியில்லை. மலைப்பகுதியில் குடியிருப்பிலிருந்து அரை மணி நேர நடைக்குள் துணை சுகாதார நிலையம் இருக்கலாம் என்ற அளவுகோலை தேசிய சுகாதார இயக்கமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தலைக்கணக்கு போதாது, போய்ச் சேரும் நேரமும் கணக்கு என்று டெல்லியே ஒப்புக்கொண்ட பிறகு, வெள்ளிமலையில் எந்த ஊர் எத்தனை நிமிட நடையில் இருக்கிறது என்று வரைபடம் போட்டு மக்கள் முன் வைப்பதில் மாவட்ட நிர்வாகத்துக்கு என்ன தடை?

டோலி கட்டிக் கர்ப்பிணியைத் தூக்கி வந்தார்கள் என்ற செய்தி மலைக்கிராமங்களிலிருந்து வருவது புதிதல்ல. வரும்போதெல்லாம் ரோடு கேட்கிறோம். ரோடு வேண்டும்தான். ஆனால் டோலிக்கு முந்தைய ஒன்பது மாதத்தை யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சமவெளியையும் நகரத்தையும் சேர்த்த கணக்கு இது. ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இறங்கிய பெண்ணை ஐந்தாம் மாதத்திலேயே கண்டுபிடித்து, பிரசவத் தேதிக்குப் பத்து நாள் முன்பே கீழே கொண்டுவந்து தங்கவைத்தால் டோலியே தேவைப்படாது. பழங்குடிப் பெண்களுக்காகப் பிரசவக் காத்திருப்பு அறை என்ற நல்ல ஏற்பாட்டைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் வீட்டில் மற்ற பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது, கூடவரும் மாமியாருக்குக் கூலி போகுமே, அதற்கு யார் கொடுப்பது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாவிட்டால் அறை பூட்டியே கிடக்கும். அந்தப் பதிலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி வாங்கக்கூடிய ஒரே அரசு ஊழியர் நர்சம்மா.

அதே திண்ணையில்தான் அவருக்குச் சிக்கலும். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் பதினெட்டு வயதுக்குள் கல்யாணம் முடிந்தவர்கள் 12.8 சதவீதம் என்கிறது அதே குடும்பநல ஆய்வு. பள்ளி தூரமாகவும் கூலிக்கு வெளியூர் போவது வழக்கமாகவும் உள்ள மலைகளில் இளவயதுக் கல்யாணம் விடாப்பிடியாக நிற்கிறது. பதினேழு வயதுப் பெண் கருவுற்றால் என்ன ஆகும்? பதிவு செய்தால் போக்சோ சட்டப்படி காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவான் என்று வீட்டார் மறைக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் அவளுக்குக் கிடையாது. பத்தொன்பது வயது முடிந்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், கர்ப்பகாலப் பதிவு எண் இல்லாமல் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. ஆக, உடம்பு முற்றாத, ரத்தம் குறைந்த, யாரைவிடவும் கூடுதல் கவனிப்பு தேவைப்படுகிற பெண், எல்லோருக்கும் பயந்து ஏட்டுக்கு வெளியே நிற்கிறாள். சட்டம் தேவை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் மாத்திரை கொடுக்க வருகிறவரும் போலீசுக்குச் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால் கதவு சாத்தப்படும். கல்யாணத்தைத் தடுக்க சமூகநலத் துறை இருக்கிறது, 1098 இருக்கிறது, பள்ளி இருக்கிறது. அவர்கள் முன்கூட்டியே செய்யத் தவறியதற்கெல்லாம் செவிலியரின் பதிவேடு கடைசிப் பொறியாக வைக்கப்பட்டிருக்கிறது.

கூலிக்குப் போவது இன்னொரு ஓட்டை. கேரளத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் மாதக்கணக்கில் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. மூன்றாம் மாதம் வெள்ளிமலையில் பதிந்தவள் ஏழாம் மாதம் எங்கே இருக்கிறாள் என்பது நர்சம்மாவுக்கே தெரியாது. கைப்பேசியில் சிக்னல் கிடைக்காத ஊர்களில் 108-ஐ அழைப்பதே போராட்டம். அந்த ஊர்களிலிருந்துதான் கர்ப்பிணி விவரத்தை இணையத்தில் அன்றாடம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். பதிவேடும் எழுத வேண்டும், கணினியிலும் ஏற்ற வேண்டும். பதிவேற்ற வேலைக்குத் தனி ஆள் போடுங்கள் என்று கிராம சுகாதார செவிலியர்கள் தமிழ்நாடு முழுவதும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். 2023-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இந்தப் பணிக்கு 2,250 பேரை எடுப்பதாக அறிவித்தது. மொத்தம் உள்ள துணை சுகாதார நிலையங்களோடு வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அத்தனை இடம் காலியாகும்வரை சும்மா இருந்திருக்கிறோம். ஒரு காலியிடம் சமவெளியில் இருந்தால் பக்கத்து ஊர்ச் செவிலியர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார். மலையில் பக்கத்து ஊர் என்பது அடுத்த மலை.

ஒரு காலத்தில் நர்சம்மா வந்தாலே குடும்பக்கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார் என்று ஊர் ஓடும். இத்தனை பேர் என்று இலக்கு வைத்து விரட்டிய அந்த முறையை 1996-இல்தான் இந்தியா கைவிட்டது. ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, மக்கள்தொகை நிலையாக நிற்கத் தேவையான 2.1-க்குக் கீழே. முதியோர் பங்கில் கேரளத்துக்கு அடுத்து நாம். பிள்ளை பிறப்பு குறைந்துவிட்டதே, செவிலியருக்கு வேலை குறைந்துவிடும் என்று நினைத்தால் தப்பு. பிரஷரும் சுகரும் வந்துவிட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னபடி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கி, 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. நல்ல திட்டம். ஆனால் வீட்டைத் தேடிப் போகும் தன்னார்வலருக்கும் அதே ஒற்றையடிப் பாதைதான், அதே ஓடைதான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோது எல்லோர் பார்வையும் ஒரு வாரம் கல்வராயன் மலை பக்கம் திரும்பியது, அங்கே சாராயம் காய்ச்சுகிறார்கள் என்பதற்காக. அந்த ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது; சாலை, பள்ளி, சுகாதாரம் என்று அரசிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டது. குற்றத்தைத் தேடி மலை ஏறிய அரசாங்கம், நோயைத் தேடியும் ஏற வேண்டும் என்று சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

உலகமும் இதே ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகில் செவிலியர் 2 கோடியே 98 லட்சம் பேர். இன்னும் 58 லட்சம் பேர் போதவில்லை. இருப்பவர்களில் 78 சதவீதம் பேர், உலக மக்களில் பாதிக்கும் குறைவானவர்கள் வாழும் நாடுகளில் குவிந்திருக்கிறார்கள். கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் 2023-இல் இறந்த பெண்கள் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம். பெரும்பாலும் செவிலியர் இல்லாத பக்கத்தில். இதற்கு மாற்று உண்டா என்றால் வெகுதூரம் போய்த் தேட வேண்டியதில்லை, பக்கத்து இலங்கை போதும். 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய அந்த நாடு, சுமார் 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தரைப் போட்டு, அவர் அந்த எல்லைக்குள் வீடு வீடாகப் போவதை வழக்கமாக்கியது. போரிலும் பொருளாதாரச் சரிவிலும் அந்த நூல் அறுந்துவிடவில்லை.

கல்வராயனுக்கு என்ன செய்யலாம்? முதலில் ஆள். மலையாளிப் பெண்களையே செவிலியர் பயிற்சிக்கு அனுப்புங்கள். கட்டணத்தையும் விடுதியையும் அரசு ஏற்கட்டும். முடித்துவந்தால் மலையிலேயே வேலை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வெளியூர்ச் செவிலியரை மலைக்கு மாற்றுவது தண்டனை என்று இருக்கும்வரை அவர் பஸ் பிடித்து இறங்குவதிலேயே குறியாக இருப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. தங்கும் குவார்ட்டர்ஸில் தண்ணீரும் விளக்கும் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்குத் தாழ்ப்பாள் சின்ன விஷயமில்லை. மலைப்படியை உயர்த்துங்கள். பதிவேற்ற வேலையை அடிவாரத்தில் உட்காரும் ஒரு கணினி இயக்குநரிடம் கொடுங்கள். செவிலியர் நோட்டில் எழுதி அனுப்பட்டும்.

சேலமும் கள்ளக்குறிச்சியும் ஒரே மலைக்கு இரண்டு ஏடு வைத்திருப்பதைக் கைவிடுங்கள். எல்லையோர ஊர்க்காரர் பக்கத்திலிருக்கும் கருமந்துறைக்கோ ஆத்தூருக்கோதான் ஓடுவார். அங்கே நடந்த பிரசவம், அங்கே போட்ட ஊசி இங்குள்ள நர்சம்மாவுக்கு மறுநாளே தெரிய வேண்டும். சிறுவங்கூரில் 2022-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதன் சமூக மருத்துவத் துறை மாதம் ஒருமுறை மலை ஏறட்டும். மாணவர்களுக்கும் படிப்பு, மலைக்கும் மருத்துவர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணைப் பொதுவில் வையுங்கள். கல்வராயன்மலை ஒன்றியத்தில் இந்த ஆண்டு எத்தனை கர்ப்பிணிகள் பதிந்தார்கள், எத்தனை பேருக்கு ரத்தசோகை, எத்தனை பிரசவம் வீட்டில், எத்தனை தாய் சேய் மரணம், எத்தனை செவிலியர் பணியிடம் காலி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெள்ளிமலை ஒன்றிய அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஆட்சியர் கையெழுத்து ஒன்று போதும் இதற்கு. சட்டசபைத் தீர்மானம் தேவையில்லை. எண்ணில் வராத ஊருக்குப் பட்ஜெட்டில் பணம் வராது என்பது அதிகாரிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்புநாள் 2027 மார்ச் 1. அந்த எண்கள் அச்சாகும்வரை காத்திருக்க முடியாது. பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரும் மாவட்ட ஆட்சியரும் அதற்கு முன்பே மலையில் உள்ள ஒவ்வொரு குடியிருப்பையும் நடை நேரத்தோடு கணக்கெடுத்து, அரை மணிக்கு அப்பால் இருக்கும் ஊர்களின் பட்டியலை வெளியிட வேண்டும். கிராம சபையில் உட்காரும் மலை மக்களே, அடுத்த கூட்டத்தில் ரோட்டோடு சேர்த்து இந்தப் பட்டியலையும் தீர்மானமாக எழுதிக் கேளுங்கள்.