வள்ளியம்மையின் பாடம்

சென்ற வாரம் பாகாயத்தில் நமது வகுப்பில் ஒரு சிறு சம்பவம் நிகழ்ந்தது. தோல் பதனிடும் சாலையில் உழைக்கும் ஒருவரின் மகன் பெஞ்சியில் வந்து அமர்ந்ததும், பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டான். சிலர் சிரித்தனர். நாமோ, கண்டும் காணாதவர்போல் பாடத்தைத் தொடர்ந்தோம். அப்போது பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி, தன் புத்தகங்களுடன் எழுந்துவந்து அவ்விருவருக்கும் நடுவே உட்கார்ந்தாள்.

அன்று நாம் நடத்திக்கொண்டிருந்தது தில்லையாடி வள்ளியம்மையின் சரித்திரம்!

வள்ளியம்மை 1898-இல் ஜோஹன்னஸ்பர்க் நகரில் பிறந்தவள். தில்லையாடி அவள் தாயாரின் ஊர். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாய் நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழரில் அந்நாளைய வட ஆர்க்காடு ஜில்லாவினரும் பலர். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்மீது ஆண்டுக்குத் தலைக்கு 3 பவுன் வரி விழுந்தது. போதாக்குறைக்கு, கிறிஸ்தவ முறையில் நடவாத விவாகங்கள் செல்லா என்று 1913 மார்ச்சில் ஒரு தீர்ப்பு வந்தது. பெற்ற தாயை மனைவியல்லள் என்று சட்டம் சொல்லக் கேட்ட பெண்ணுக்கு வேறு உபந்நியாசமும் வேண்டுமோ? தாயாருடன் சத்தியாக்கிரகிகளோடு சேர்ந்து நடந்தாள். மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. சிறையிற் கண்ட கடுஞ்சுரத்தோடு வெளிவந்தவள், 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி, பதினாறாம் வயதில் உயிர்நீத்தாள். சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தியடிகள் வினவியபோது, மீண்டும் செல்லவும் சித்தமாயிருப்பதாகவே கூறினாள். அவ்வாண்டிலேயே வரி ஒழிந்தது; நம்மவர் விவாகங்களையும் சட்டம் ஒப்புக்கொண்டது.

இளம் உள்ளத்தில் இவ்வுறுதி எங்ஙனம் வேர்விடுகிறது? அவமானம் தன் வீட்டு வாசலுக்கே வரவேண்டும். அதனை விதியென்று ஏற்காத பெரியோர் அருகில் இருக்கவேண்டும். உடன் நடக்கத் துணையும் வேண்டும். அமெரிக்காவின் மாண்ட்காமரி நகரில் 1955 மார்ச்சில், வெள்ளையருக்காகப் பஸ்ஸில் இடம்விட மறுத்துக் கைதான கிளாடெட் கால்வினுக்கு வயது 15. பள்ளியில் தன் இனத்தாரின் சரித்திரத்தை அவள் பயின்றுவந்த காலம் அது. ஆகவே பாடத்துக்கும் பலன் உண்டு. சொல்லிக்கொடுப்பவர் அதன்படி நின்றால்.

நிறம் பற்றி இழிவு செய்தோரை நாம் வாயார வைகிறோம். தொழிலையும் பிறப்பையும் பற்றி மூக்கைப் பொத்தும் நம்மை என்னென்பது?

மறுநாள், முந்தின நாள் மௌனத்துக்காக அப்பையனிடம் வகுப்பறிய மன்னிப்புக் கேட்டோம். அதன் பின்னரே வள்ளியம்மையின் பாடத்தைத் தொடர நமக்கு வாய் வந்தது.