அனுமதிப் பத்திரம் வேலியாகலாகாது

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிணற்று நீரை நம்பி வாழ்பவர்கள். நிலத்தின் கீழ்ப் பரந்து கிடக்கும் சுண்ணாம்புக் கல்லே அவர்தம் நீர்த்தொட்டி. அத்தொட்டி இன்று பழுதுற்றிருக்கிறது. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் ஒருபுறம். அளவுக்கு மிஞ்சி இறைப்பதனால் மேலேறும் உவர் மறுபுறம். இந்நிலையில், 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் ஆற்றலுடன் அது அமைக்கப்பட்டது. அந்நீரைத் தெருவரை கொண்டுவருதல் அரசின் கடன். தெருவிலிருந்து அடுப்படி வரை கொண்டுசெல்பவன் யார்? குழாய் பொருத்துநனே. அவனது கைத்திறனிலேயே நமது குழந்தைகளின் உடல்நலம் தங்கியிருக்கிறது.

இது மிகைக் கூற்றன்று. நம்மவர் வீடுகளிலே கிணறும் உண்டு, நீரிறைக்கும் பம்பும் உண்டு, மேல்நிலைத் தொட்டியும் உண்டு. புதிதாக வரும் பொதுக் குழாயை இவற்றோடு நேரே பிணைத்து, பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வைப் பொருத்தாது விட்டால் நேர்வது யாது? பொதுக் குழாயில் அமுக்கம் குறையும் வேளையில், அவ்வீட்டுக் கிணற்று நீர் பின்னோக்கிப் பாய்ந்து ஊருக்கே உரிய குழாயில் கலக்கும். ஒரு வீட்டில் செய்த பிழைக்கு ஒரு தெரு முழுவதும் நோயுறும். 1933 ஆம் ஆண்டில், உலகக் கண்காட்சி நடைபெற்ற சிக்காகோ நகரிலே, இரண்டு ஹோட்டல்களின் பழுதான குழாய் அமைப்பினால் கழிவுநீர் குடிநீரிற் கலந்தது. அமீபா வயிற்றுளைவு பரவி 98 உயிர்களைக் கொண்டுபோயிற்று. செல்வம் கொழித்த நகரிலேயே இது நேர்ந்ததென்றால், நாம் அசட்டையாக இருத்தல் தகுமா?

இவ்வறிவு புத்தகத்தால் மட்டும் வருவதன்று. கழிவுக் குழாய்க்கு எவ்வளவு சரிவு வேண்டும், துர்வாடையைத் தடுக்கும் நீர்ப்பூட்டு எவ்வாறு நிற்கும், காற்றுக் குழாய் இன்றேல் அது எவ்வாறு உறிஞ்சப்படும் என்பனவற்றை, தேர்ந்த ஒருவனின் அருகே நின்று, ஆண்டுக் கணக்கில் கைபழகியே அறிதல் வேண்டும். அதுவே பயிலுநர் முறை.

இதற்கான சட்டம் நம் நாட்டில் இல்லாமலில்லை. 1971 ஆம் ஆண்டிலேயே பயிலுநர்க்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை அமைந்தது. தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. எனினும், சான்றிதழ் வேறு, அனுமதிப் பத்திரம் வேறு. ‘இவன் வேலை அறிந்தவன்’ என்று மட்டும் சொல்வது சான்றிதழ். ‘இதனைப் பெறாதவன் இவ்வேலையைச் செய்யலாகாது’ என்று ஆணையிடுவது அனுமதிப் பத்திரம். சிங்கப்பூரில், சிறு பழுதுகள் நீங்கலாக, நீர்க்குழாய் வேலையை அனுமதிப் பத்திரம் பெற்றவரே செய்தல் வேண்டும். நம் ஊர்களிலோ சான்றிதழைக் கேட்டு ஆளை அமர்த்துவோர் மிகச் சிலர். அதனாற் கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் கூலியில் வேற்றுமையில்லை. வேற்றுமையில்லாத இடத்தில் ஆண்டுக் கணக்கில் பயில எவன் முன்வருவான்?

ஆகவே, அனுமதிப் பத்திர முறை வேண்டும் என்பதே நமது கருத்து. ஆனால் அதனைக் கேட்கும்போதே நாம் விழிப்பாயும் இருத்தல் வேண்டும். வாயில் காப்போன் நடுநிலை தவறினால், பாதுகாப்புக்கென இட்ட வேலி ஒரு சாராரை வெளியே நிறுத்தும் வேலியாகிவிடும். 1964 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியிலே சந்தைக் கட்டடம் ஒன்றின் வேலைக்குக் கறுப்பினத்தவர் ஒருவரும் புவேர்ட்டோ ரிக்கோவினர் மூவரும் குழாய் பொருத்துநராக அமர்த்தப்பட்டனர். அவர்கள் சங்கத்தவர் அல்லர் என்று கூறிச் சங்கத்தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். சங்கத்திற் சேரும் வழியோ பயிலுநர் வாயில்; அவ்வாயிலில் பெரும்பாலும் நுழைந்தோர் உறுப்பினரின் மைந்தரும் மருமக்களுமே. அதே 1964 ஆம் ஆண்டில் நிறைவேறிய அமெரிக்கக் குடியியல் உரிமைச் சட்டம், வேலையிற் பாரபட்சம் காட்டுதலைத் தடுத்ததோடு நில்லாது, பயிலுநரைச் சேர்ப்பதிற் பாரபட்சம் காட்டுதலையும் வெளிப்படையாகவே தடுத்தது. வாயில் எங்கே இருக்கிறது என்பதை அச்சட்டத்தை வரைந்தோர் அறிந்திருந்தனர்.

நாமும் அறிதல் வேண்டும். அனுமதிப் பத்திரம் கட்டாயமாவதற்கு முன், அதற்குச் செல்லும் வாயில்கள் திறக்கப்படுதல் வேண்டும். முதலாவதாக, பாடமும் வினாத்தாளும் செய்முறைத் தேர்வும் தமிழில் நடைபெறல் வேண்டும். தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்று 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் விதித்தது. அவ்விதி தொழிற்கூடத்தின் வாசலில் நின்றுவிடலாகாது. இரண்டாவதாக, வடக்குக் கிழக்கு மாவட்டங்களிலும் மலைநாட்டிலும் பயிலுநரை ஏற்கும் இடங்கள் போதிய அளவு இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, இருபது முப்பது ஆண்டுகள் இத்தொழிலைச் செய்து முடி நரைத்தவர்களை ஒரு நாளிலே சட்ட விரோதிகளாக்குதல் அநீதி. முன்பெற்ற திறனைச் சோதித்துத் தகைமை வழங்கும் முறை ஏற்கெனவே உள்ளது; அது அவர்களது ஊருக்கே செல்லட்டும். அதற்குரிய காலஅவகாசமும் சட்டத்திலேயே எழுதப்படட்டும்.

அரசைக் கேட்பதோடு நமது கடமை முடிந்துவிடாது. வைத்தியரும் வழக்கறிஞரும் பொறியியலாளரும் நமது சமூகத்தில் மதிக்கப்படுகின்றனர், மகிழ்ச்சியே. ஆனால், நீருக்கும் நோய்க்கும் நடுவே நிற்பவனை ‘வெறும் குழாய்க்காரன்’ என்று சொல்லும் நாக்கு நம்மிடமே உள்ளது. வீடு கட்டும் உத்தியோகத்தர் வேலைக்கு வருபவனிடம் தகைமையைக் கேட்கட்டும். தகைமை உள்ளவனுக்கு அதற்கேற்ற கூலியைக் கொடுக்கட்டும். தோட்டத்திற்கு நீர்க்குழாய் பதிக்கும் கமக்காரனும் அவ்வாறே செய்யட்டும். பரீட்சையில் ஒருமுறை தவறிய மகனைப் பெற்றோர் கடன்பட்டு வெளிநாட்டுக் கூலியாக அனுப்புமுன், இத்தொழிலையும் எண்ணிப் பார்க்கட்டும்.

கைத்தொழிலை மதியாத சமூகம் பிறர் கையை எதிர்பார்த்தே வாழும். தாளையடி நீர் நம் வாசலுக்கு வருகிறது. அதனைத் தூய்மை கெடாது உள்ளே கொண்டுவரும் கைகளை நாமே பயிற்றுவோமாக!