திசு வளர்ப்புச் செம்மரம்: விற்பவர் சொல்லாதது

“திசு வளர்ப்புச் செம்மரம் விதைக்கன்றைவிட உசத்தி. தாய்மரக் குணம் அப்படியே வரும், சீக்கிரம் வைரம் பாயும், தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும்” என்று சொல்லிக் கன்று விற்கிறார்கள். திசு வாழையில் லாபம் பார்த்தவர்கள் இதை எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

தாய்மரக் குணத்தை எடுத்துக்கொள்வோம். வாழையில் நல்ல தார் போட்ட மரத்தின் பக்கக்கன்றிலிருந்தே திசு வளர்ப்புக்கான குருத்தை எடுக்கலாம். செம்மரத்தில் எது வைரம் நிறைந்த மரம் என்று தெரியவே அது முதிர வேண்டும். முதிர்ந்த மரத்தின் கணுவை வெட்டி ஆய்வகக் குழாயில் வைத்தால், வெட்டுவாயிலிருந்து பீனால் கசிந்து, தெளிவாக இருந்த அகர் ஊடகம் பழுப்பேறும், துண்டும் கருகும். இதைத் தடுக்கக் கரித்தூள் சேர்த்துப் பார்ப்பார்கள், அடிக்கடி புது ஊடகத்துக்கு மாற்றுவார்கள். தப்பித் துளிர்த்தாலும் வேர்விட வைப்பது பெரும்பாடு. அதனால்தான் ஆய்வகங்கள் பெரும்பாலும் விதையை முளைக்கவைத்து, அந்த இளஞ்செடியின் விதையிலைக் கணுவிலிருந்து தொடங்குகின்றன. அயல் மகரந்தத்தில் விளைந்த அந்த விதை எப்படிப்பட்ட மரமாகும் என்று யாருக்குத் தெரியும்? தரம் தெரியாத ஒரே செடியை ஆயிரமாகப் பெருக்கி, விவசாயியின் இருபது வருட நிலத்தைப் பணயம் வைப்பது அநியாயம். விதைக்கன்றுத் தோப்பிலாவது சில நல்ல மரங்கள் தேறும்.

வைரம் சீக்கிரம் பாயும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. சேஷாசலம், கடப்பா மலைகளின் வறண்ட கல்லாங்காட்டில் மெல்ல வளர்ந்து சிவந்த கட்டை அது. அந்த வயதைக் குழாய் சுருக்கித் தராது.

தழைச்சத்து விஷயம் பாதிதான் உண்மை. செம்மரம் அவரைக் குடும்பம்தான். ஆனால் வேர்முடிச்சு போட்டுத் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா, கிருமி நீக்கிய குழாயில் ஏது? கன்றை வெளிக்காற்றுக்குப் பழக்கும்போது அதை நாற்றங்காலில் கலந்துவிட வேண்டும். கலந்தார்களா என்று வாங்குபவரே பார்க்கலாம்: வேரில் முடிச்சு இருந்தால் நகத்தால் கீறுங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது.

திசு வளர்ப்பையே நான் குறை சொல்லவில்லை. மாஞ்சியமும் கத்திச்சவுக்கும் கலந்த கலப்பினத்தை வியட்நாம் இம்முறையிலும் பெருக்கிப் பரப்பியிருக்கிறது. அங்கே முதலில் நல்ல மரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், வயலில் நட்டுச் சோதித்தார்கள், பிறகே பெருக்கினார்கள். செம்மரக் கன்று விற்பவரும் தாய்மரம் எது, அதன் வயதென்ன, எங்கே நிற்கிறது என்று எழுதித் தரட்டும். அதுவரை, வைரம் பாய்ந்த பல மரங்களில் திரட்டிய விதையிலிருந்து வளர்த்த கன்றையே நடுங்கள்.