கோட்டை இருக்கிறது, கூடம் எங்கே?

தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சீனத்துத் தேயிலை ஜாடி, சுடுமண் பொம்மை, ஈட்டி, சின்னச் சின்ன பீரங்கிக் குண்டு, திமிங்கில எலும்பு எல்லாம் அங்கே உண்டு. பெரிய அருங்காட்சியகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பள்ளிப் பிள்ளை ஒன்று கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “இது எந்த ஊருலேர்ந்து வந்துச்சு?” என்று வாத்தியாரைக் கேட்க முடிகிறது.

அதே கடற்கரையில் வடக்கே வந்தால், கல்பாக்கத்தை ஒட்டினாற்போல் சதுரங்கப்பட்டினம். இங்கும் 17ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய ஒல்லாந்தர்களின் (டச்சுக்காரர்களின்) கோட்டை, கடலைப் பார்த்தபடி நிற்கிறது. வாசலில் இரண்டு பீரங்கிகள். உள்ளே தானியக் கிடங்கும் யானை ஏறுவதற்கான சாய்தளமும் சிதைந்த அறைகளும் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கல்லறைத் தோட்டத்துக் கதவு திறந்திருந்தால் நின்று பார்க்க வேண்டும்: கருங்கல் பலகையில் செதுக்கிய டச்சு மொழி வரிகள் கடற்காற்றிலும் மழுங்காமல் நிற்கின்றன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்லத்தான் ஆள் இல்லை. மாமல்லபுரம் பார்த்துவிட்டு ஈ.சி.ஆர். வழியாக வருகிறவர்கள் சுவரோரம் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பார்க்க என்ன வைத்திருக்கிறோம்?

சொல்ல விஷயம் இல்லாத ஊரா இது? 14ஆம் நூற்றாண்டுச் சம்புவராய மன்னன் ராஜநாராயணன் பெயரால் வழங்கிய பட்டினம் இது. பக்கத்தில் பாலாற்று முகத்துவாரத்தில் இருக்கும் வசவசமுத்திரத்தில் 1970 வாக்கில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது, ரோமானியர்களின் மதுச்சாடி ஓடுகளும் உறைகிணறும் கிடைத்தன. ஒல்லாந்தர் வருவதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரை கப்பல்களைப் பார்த்திருக்கிறது. ஒல்லாந்தர் இங்கே கடை விரித்ததும் துணிக்காகத்தான். இந்தப் பகுதித் தறிகளில் நெய்த மஸ்லின் கடல் கடந்து போனது. 1782 பிப்ரவரி 17 அன்று இந்த ஊருக்கு அப்பால் கடலில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானும் மோதினார்கள். வங்கக் கடலிலும் இலங்கைக் கரையிலுமாக அவர்களுக்குள் நடந்த ஐந்து சண்டைகளில் அதுவே முதலாவது. கடற்படை வரலாற்றுப் புத்தகங்களில் அதன் பெயரே ‘சதுரங்கப்பட்டினச் சண்டை’தான். கடைசியில் 1824இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி ஒல்லாந்தர் இந்தியாவிலிருந்த தங்கள் இடங்களையெல்லாம் ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் வந்தது; 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. இவ்வளவும் நடந்த ஊரில், நடந்ததைச் சொல்ல ஒரு கூடம் இல்லை.

‘அரசு செய்யவில்லை’ என்று எழுதிவிட்டு இந்தப் பத்தியை முடித்துவிடலாம்; எழுதுகிறவருக்கு அது சுலபம். அரசமைப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவு நினைவுச் சின்னங்களைக் காக்கும் கடமையை அரசுக்குத் தருகிறது. 1976இல் சேர்த்த 51ஏ பிரிவோ நம் கலப்புப் பண்பாட்டின் மரபைப் பேணும் கடமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. கோட்டைச் சுவரில் சாவியால் காதலி பெயரைக் கீறுகிற இளைஞனைத் தடுக்கத் தொல்லியல் துறை எத்தனை காவலரைப் போடும்?

ஊர்க்காரர்களின் மனத்தாங்கலையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் மனுப் போட வேண்டும். கோட்டை என்றாலே தடை என்று மட்டும் தெரிந்துகொண்டவர்களிடம் அதைப் பெருமையாக நினையுங்கள் என்று சொன்னால் எடுபடாது. அந்த மனுக்கள் தேங்காமல் நகர்ந்தாலே பாதி மனக்கசப்பு தீரும். அது அதிகாரிகள் தரவேண்டிய பங்கு.

இதே விதியால் கோட்டைக்குப் பக்கத்திலேயே புது மாளிகை எழுப்பவும் முடியாது. அது நல்லதாகவே போயிற்று என்பேன். ஊருக்குள் பயன்படாமல் கிடக்கும் ஒரு பழைய கட்டடமோ பள்ளியின் உபரி வகுப்பறையோ போதும். கல்லறைக் கல்வெட்டுகளின் படங்கள், அவற்றுக்குத் தமிழில் விளக்கம், வசவசமுத்திரத்துப் பானை ஓடுகளின் நகல், ஒரு தறி, ஒரு கட்டுமரம், மீனவக் குப்பத்துப் பெரியவர்களின் சுனாமி நினைவுகளைப் பதிவு செய்த ஒலிப்பேழை ஆகியவற்றோடு தொடங்கலாம். ஒல்லாந்தரின் ஆல்பமாக மட்டும் அது ஆகிவிடக் கூடாது. துணியை வாங்கிப் போனவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. நெய்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அந்தக் குறையை ஊர்க் கூடம்தான் ஈடுகட்ட முடியும்.

வீட்டுப் பரணில் இருக்கும் பழைய காசையும் பத்திரத்தையும் பீங்கான் துண்டையும் வெளியே காட்ட ஜனங்களுக்குப் பயம், எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பொருளைப் படம் எடுத்துக்கொண்டு கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். கூடத்தில் வைக்கத் தருகிறவர்களுக்கு ரசீதும், பெட்டியின் மேல் அவர்கள் குடும்பத்தின் பெயரும் தர வேண்டும்.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. அணுமின் நிலையத்துக்குச் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. அதன் டவுன்ஷிப்பில் படித்தவர்களுக்கும் ஓய்வு நேரம் உள்ளவர்களுக்கும் குறைவில்லை. மாமல்லபுரத்து விடுதிகள் தங்கள் விருந்தினரை அரை நாள் இந்தப் பக்கம் அனுப்பினால் அவர்களுக்கும் ஒரு நாள் வாடகை கூடும். பள்ளி மாணவர்கள் வழிகாட்டிகளாகப் பழகட்டும். அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவர்களே சொல்லித் தருவார்கள்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்ததில் இடத்தைக் குறித்து ஒரு தீர்மானம் போட்டு, ஊராட்சி, மீனவர் பஞ்சாயத்து, பள்ளி, தொல்லியல் துறை, அணுமின் நிலையம் ஆகிய ஐந்து தரப்பும் உட்காரும் குழுவை அமைத்து, செங்கல்பட்டு ஆட்சியருக்கு அனுப்பலாம். அந்தத் தீர்மானத்தில் திறப்பு நேரத்தையும் எழுதிவிடுவது நல்லது. இந்தச் சாலையில் கூட்டம் வருவது ஞாயிற்றுக்கிழமை. வார விடுமுறையை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளட்டும்.